பிரஷ்யா முடிந்த நாள்: 1932 அக்டோபர் தீர்ப்பு குறித்து ஒரு மறுவாசிப்பு

நேச நாடுகளின் கட்டுப்பாட்டுக் குழு 1947 பிப்ரவரி 25 அன்று தன் 46ஆம் சட்டத்தின் மூலம் பிரஷ்ய அரசைக் கலைத்தது. அச்சட்டத்தின் முகப்புரை இரண்டு கூற்றுகளை முன்வைக்கிறது. பிரஷ்யா தொடக்கம் முதலே படையாதிக்கத்தையும் பிற்போக்கையும் தாங்கி நின்ற அரசு என்பது ஒன்று. நடைமுறையில் அது ஏற்கெனவே இல்லாமற்போய்விட்டது என்பது மற்றொன்று. முதல் கூற்றைச் சுற்றி எழுந்த விவாதம் பெரிது. இரண்டாவது கூற்று எழுப்பும் எளிய கேள்விக்கோ ஒரு விடை கிட்டத்தட்ட விவாதமின்றியே நிலைபெற்றுவிட்டது: பிரஷ்யா எப்போது இல்லாமற்போனது? 1932 ஜூலை 20 அன்று, ஜெர்மன் பிரதமர் பாப்பன் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கின் அவசர ஆணையைக் கொண்டு பிரஷ்ய முதலமைச்சர் ஓட்டோ ப்ரவுனின் அரசைப் பதவியிலிருந்து அகற்றியபோது என்பதே அந்த விடை. அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று லைப்சிக் அரசியல் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, இந்த வரலாற்றில் ஒரு பின்குறிப்பு அளவுக்கே இடம்பெறுகிறது. இரு தரப்பையும் சமாதானப்படுத்த முயன்ற கோழைத்தனமான சமரசம், அதிகாரமற்றவர்களுக்கு அளித்த வெற்று ஆறுதல் என்றெல்லாம் அது மதிப்பிடப்பட்டிருக்கிறது.

இந்த மதிப்பீட்டை ஏற்க இயலவில்லை. தீர்ப்பு பிரஷ்யாவுக்கு விட்டுவைத்தது சிறிது. ஆனால் வெற்று அல்ல. அதற்கான சான்று தீர்ப்பின் வாசகத்தில் மட்டும் இல்லை. மூன்றரை மாதங்களுக்குப் பின் அந்தத் தீர்ப்பை முறியடிக்கப் பிறப்பிக்கப்பட்ட ஆணையில்தான் தெளிவாக இருக்கிறது.

இந்த அகற்றலை எதிர்த்துப் பிரஷ்யா தொடுத்த வழக்கின் வேர் 1932க்கு வெகுமுன்னே செல்கிறது. 1701இல் கோனிக்ஸ்பெர்க்கில் முடிசூடிய அரச வம்சம், 1866இல் ஹனோவர், ஹெஸ்ஸே-காசல், நாசௌ, பிராங்க்பர்ட், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் ஆகியவற்றை இணைத்துக்கொண்டு, சிதறிக்கிடந்த தன் கிழக்கு, மேற்கு நிலங்களை ஒன்றாக்கியது. 1871க்குப் பின் பிரஷ்ய மன்னரே ஜெர்மன் பேரரசர். சில இடைவெளிகள் தவிரப் பிரஷ்ய முதலமைச்சரே பேரரசின் பிரதமர். நிலப்பரப்பிலும் மக்கள்தொகையிலும் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு கொண்ட ஓர் உறுப்பு மாநிலம் கூட்டாட்சியைச் சிதைக்காமல் இருந்ததற்கு இந்த இரட்டைப் பதவியே காரணம். 1918 நவம்பரில் முடியாட்சி வீழ்ந்ததும் அந்தப் பிணைப்பு அறுந்தது. அதன்பின் பெர்லினில் இரண்டு அரசுகள், இரண்டு பெரும்பான்மைகள், இரண்டு உள்துறைகள் இயங்கின. குடியரசின் அரசியலமைப்பு, மாநிலங்களின் அவையில் பிரஷ்யாவின் வாக்குகளை ஐந்தில் இரண்டு பங்குக்குள் அடக்கி, அவற்றில் பாதியை அதன் மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. மீதிப் பாதி பிரஷ்ய அரசின் கையில் இருந்தது. இந்தப் பாதியை மனத்தில் நிறுத்தியே தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

ஜூலை 20 ஆணை அரசியலமைப்பின் 48ஆம் பிரிவின் இரண்டு உட்பிரிவுகளையும் ஒருங்கே துணைக்கழைத்தது. ஒரு மாநிலம் தன் கடமையில் தவறினால் அதை வற்புறுத்தலாம் என்பது முதல் உட்பிரிவு. பொது ஒழுங்கு குலைந்தால் தேவையான நடவடிக்கை எடுக்கலாம் என்பது இரண்டாவது. அக்டோபரில் நடந்த விசாரணையில் மத்திய அரசுக்காகக் கார்ல் ஷ்மிட்டும், பிரஷ்யத் தரப்பில் அர்னால்ட் பிரெஹ்ட், ஹெர்மன் ஹெல்லர் முதலியோரும் வாதிட்டனர். தங்களுக்கும் இதே கதி நேரலாம் என்று அஞ்சிய பவேரியாவும் பாடனும் வழக்கில் சேர்ந்துகொண்டன.

நீதிமன்றத் தலைவர் எர்வின் பும்கே வாசித்த தீர்ப்பு இரு உட்பிரிவுகளையும் பிரித்தெடுத்தது. பிரஷ்யா கடமை தவறியதாக நிறுவப்படவில்லை. ஆகவே முதல் உட்பிரிவின்படி ஆணை செல்லாது. இரண்டாவதன்படி, நாட்டின் கொந்தளிப்பான சூழலைக் கருதி, பிரஷ்ய அமைச்சர்களின் அதிகாரங்களைத் தற்காலிகமாக ஓர் ஆணையரிடம் ஒப்படைத்தது செல்லும். ஆனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனக்கெனச் சொந்த அரசு இருக்க வேண்டும் என்ற விதியை எந்த அவசர நிலையும் தாண்ட முடியாது. எனவே மாநிலங்களின் அவையிலும், மத்திய நாடாளுமன்றத்திலும், பிரஷ்ய சட்டமன்றத்திலும், பிற மாநிலங்களுடனான உறவிலும் பிரஷ்யாவின் பிரதிநிதிகளாக ப்ரவுனின் அமைச்சர்களே தொடர்வர்.

மரபான வாசிப்பு இங்கேயே நின்றுவிடுகிறது: காவல்துறையும் கருவூலமும் ஆணையரிடம், பேச்சும் வாக்கும் அமைச்சர்களிடம். இரண்டாம் உட்பிரிவை நீதிபதிகள் மிகத் தாராளமாக விரித்துப் பொருள்கொண்டனர் என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆணையின் உண்மையான நோக்கம் என்னவென்று அவர்கள் துருவிக் கேட்கவில்லை என்பதும் மறுக்கத்தக்கதல்ல. ஆயினும் ஒரு தீர்ப்பின் எடையை அதை வெறுத்தவர்கள் எவ்வாறு நடத்தினார்கள் என்பதிலிருந்தும் அளக்கலாம்.

1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமரானார். பாப்பன் துணைப் பிரதமராகவும் பிரஷ்யாவுக்கான ஆணையராகவும் அமர்ந்தார். பிரஷ்யக் காவல்துறை நாஜித் தலைவர் கோரிங்கின் கைக்கு வந்தது. பிரஷ்ய சட்டமன்றத்தைக் கலைத்துப் புதிய தேர்தல் நடத்துவது புதிய ஆட்சிக்கு உடனடித் தேவையாக இருந்தது. சட்டமன்றம் தானாகக் கலைய மறுத்தது. மாற்று வழி, முதலமைச்சர், சட்டமன்றத் தலைவர், மாநில ஆலோசனை அவைத் தலைவர் ஆகிய மூவர் குழு முடிவெடுப்பது. சட்டமன்றத் தலைவர் கெர்ல் நாஜி. அவைத் தலைவர் கொலோன் மேயர் கோன்ராட் அடெனாவர். முதலமைச்சர் இருக்கையில், அக்டோபர் தீர்ப்பின் பயனாக, இன்னமும் ப்ரவுன். ப்ரவுனும் அடெனாவரும் மறுத்தனர். பாப்பனும் கோரிங்கும் அரசு இயந்திரம் முழுவதையும் கைக்கொண்டிருந்தும், இந்த ஒற்றை இருக்கையால் தடுக்கப்பட்டு நின்றனர்.

பிப்ரவரி 6 அன்று ஹிண்டன்பர்க் கையெழுத்திட்ட ஆணை இந்தத் தடையை உடைத்தது. தீர்ப்பின்படி பிரஷ்ய அமைச்சர்களிடம் எஞ்சியிருந்த அதிகாரங்களை அது ஆணையருக்கு மாற்றியது. அந்த ஆணை சார்ந்து நின்ற சட்ட அடிப்படைதான் இங்கு முக்கியம். நீதிமன்றம் செல்லாது என்று ஒதுக்கிய அதே முதல் உட்பிரிவு அது. கடமை தவறியதாக இம்முறை சுமத்தப்பட்ட குற்றமோ இன்னும் வினோதமானது: தீர்ப்பைப் பொறுத்துப் பிரஷ்யா நடந்துகொண்ட விதம் அரசியல் வாழ்வில் குழப்பத்தை உண்டாக்கிவிட்டதாம். தீர்ப்பு அளித்த உரிமையைப் பயன்படுத்தியதே குற்றமாயிற்று. அன்றே ப்ரவுனின் இருக்கையில் பாப்பன் அமர, கெர்லும் அவரும் கலைப்புக்கு வாக்களித்தனர். அடெனாவர் அந்த வாக்கெடுப்பில் பங்கேற்க மறுத்தார். தேர்தல் மார்ச் 5 அன்று நடந்தது. பிரஷ்யா மீண்டும் நீதிமன்றத்தை நாடியது, தீர்ப்பு வரவேயில்லை.

ஜூலையிலேயே பிரஷ்யா இறந்துவிட்டது என்றால் பிப்ரவரியில் எதைக் கொன்றார்கள்? செயலற்ற உரிமையைப் பறிக்கக் குடியரசுத் தலைவரின் கையெழுத்து தேவைப்பட்டிருக்காது. அக்டோபர் தீர்ப்பு பிரஷ்யாவின் சட்ட ஆளுமையை உயிரோடு வைத்திருந்தது; அதைக் கொன்றது தீர்ப்புக்கு எதிரான நேரடி மீறல்.

ப்ரவுனுடையது 1932 மே முதல் பெரும்பான்மையற்ற காபந்து அரசு, அதற்கு ஏது தார்மீகப் பலம் என்று கேட்கப்படுவதுண்டு. அப்போது பவேரியாவையும் காபந்து அரசுதான் ஆண்டது; அதன் சட்டத் தகுதியை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஹிட்லர் எப்படியும் வேறு வழி கண்டிருப்பார் என்பது மற்றொரு வாதம். இருக்கலாம். அவர் உண்மையில் எடுத்த வழியே வரலாற்றாய்வுக்கு உரியது.

இந்தக் காலநிர்ணயம் நாள்காட்டியைத் திருத்துவதோடு முடிவதில்லை. முடிவை ஜூலை 20இல் வைத்தால், பழமைவாதிகளின் சூழ்ச்சியும் ப்ரவுனின் சமூக ஜனநாயகக் கட்சியினரின் தயக்கமுமே பிரஷ்யாவை அழித்தன. 1934இல் மாநில சட்டமன்றங்களை ஒழித்த சட்டமும் 1947 சட்டமும் வெறும் சடங்குகள். முடிவை 1933 பிப்ரவரி 6இல் வைத்தால், முடியாட்சி உதிர்ந்தபின் குடியரசாக நின்ற பிரஷ்யா, நாஜி ஆட்சி தன் முதல் வாரத்திலேயே சட்டத்தை மீறி உடைக்க வேண்டியிருந்த தடைகளுள் ஒன்றாகிறது. அப்படியானால் 46ஆம் சட்டத்தின் முகப்புரை தன்னைத்தானே மறுக்கிறது. நடைமுறையில் இல்லாமற்போனது என்று அது சொல்லும் அரசின் கடைசி வடிவம், படையாதிக்கத்தையும் பிற்போக்கையும் எதிர்த்தே அழிந்தது. முகப்புரையின் முதல் கூற்றை ஏற்பவர்கள், இரண்டாவதை விளக்கும் கடமையைத் தட்டிக்கழிக்க இயலாது.