கதவு திறந்தால் போதுமா?



கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில், பூர்வகுடியான மொஹாக் இனத்தில் 1890-ஆம் ஆண்டு பிறந்தவர் ஈடித் மான்ட்யூர். செவிலியராக வேண்டும் என்பது அவரது ஆசை. கனடாவின் செவிலியர் பள்ளிகள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எல்லை கடந்து அமெரிக்காவின் நியூ ரொசெல் நகரில் பயின்று, 1914-இல் வகுப்பில் முதல் மாணவியாகத் தேறினார். முதல் உலகப் போரில் பிரான்சில் காயமுற்ற வீரர்களுக்குப் பணிவிடை செய்தார். பின்னர் ஊர் திரும்பி, தம் மக்களிடையே 1955 வரை செவிலியராக உழைத்தார்.

படிக்க விரும்பிய பூர்வகுடியினருக்கு இன்னொரு தடையும் இருந்தது. 1876-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் பூர்வகுடி என்ற சட்ட உரிமையை இழப்பார். படிப்பா, சொந்த இனமா என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன சட்டம் அது.

காலம் மெல்ல மாறியது. கிரீ இனத்தவரான ஜீன் கத்தண்ட் குட்வில், 1954-இல் சஸ்காட்செவன் மாகாணத்தில் செவிலியர் படிப்பை முடித்த முதல் பூர்வகுடிப் பெண்ணானார். ஆங்காங்கே தனித்தனியாகப் பணியாற்றிய பூர்வகுடிச் செவிலியர் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க, 1975-இல் தொடங்கப்பட்ட சங்கத்தின் நிறுவனர்களுள் அவரும் ஒருவர்.

அத்தகைய துணை ஏன் தேவை? 2020 செப்டம்பர் 28 அன்று, ஏழு பிள்ளைகளின் தாயான ஜாய்ஸ் எச்சகுவான் கியூபெக் மாகாண மருத்துவமனை ஒன்றில் இறந்தார். அட்டிகமெக் இனத்தவரான அவரைப் பணியாளர்கள் இழிவாகப் பேசியது, அவர் தம் கைப்பேசியில் செய்த நேரலையில் பதிவாகியிருந்தது. அவரது சாவில் இனவெறிக்கும் பங்குண்டு என்று மரண விசாரணை அறிக்கை கூறியது. நோயாளியையே இப்படி நடத்தும் இடத்தில், அவர் இனத்துப் பெண் செவிலியராகச் சேர்ந்தால் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்?

உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் 2015-இல் விடுத்த 94 அழைப்புகளுள் 23-ஆவது இதைத்தான் கேட்கிறது: நலவாழ்வுப் பணிகளில் பூர்வகுடியினரைப் பெருக்குங்கள், பூர்வகுடிச் சமூகங்களில் அவர்கள் நிலைத்துப் பணியாற்ற வழிசெய்யுங்கள், எல்லாப் பணியாளருக்கும் பிற பண்பாட்டினரை மதித்துப் பணிபுரியப் பயிற்சி அளியுங்கள்.

இந்த ஆணையம் விசாரித்தது உறைவிடப் பள்ளிகளைப் பற்றி. 1,50,000-க்கும் மேற்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்தும் தாய்மொழியிலிருந்தும் பிரித்த பள்ளிகள் அவை. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவற்றை நடத்தியவர்கள் கத்தோலிக்கர்களாகிய நாம். 2022 ஜூலை 25 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் மாஸ்குவாசிஸ் சென்று மன்னிப்புக் கேட்டார்.

ஒப்புரவு அருளடையாளத்தில் பாவ அறிக்கையோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. பரிகாரமும் உண்டு என்பதைச் சிறு வயதிலேயே கற்றவர்கள் நாம். குழந்தைகளை அவர்கள் மக்களிடமிருந்து பிரித்த தவற்றுக்கு ஏற்ற பரிகாரம் எது? அந்த மக்களின் பெண்ணொருத்தி தன் மொழியையும் உறவையும் விடாமல் செவிலியராகி, தன் ஊரிலேயே தலைநிமிர்ந்து பணியாற்ற வழிசெய்வது அல்லவா?

கதவைத் திறப்பது தொடக்கம்தான். உள்ளே வந்தவர் தாமாகவே இருந்து பணியாற்ற முடிந்தால்தான், நாம் கேட்ட மன்னிப்புக்குப் பொருள் உண்டு.