ஊரும் அவையும்: ஹெக்கோட்டு நாடகச் சங்க வரலாறு குறித்த ஓர் ஆய்வு

நாடக வரலாறு எழுதப் புகுவார் பெரும்பாலும் நாடக நூல்களையும், அவற்றை இயற்றிய ஆசிரியர்களையும், மேடையில் புகழ்பெற்ற நடிகர்களையும் நிரல்படக் கூறி அமைவர். காண்போர் யாவர், அவர்க்கும் கூத்தர்க்கும் இடையே நிலவிய உறவு யாது என்னும் வினாக்கள் ஒருபுறம் ஒதுங்கி நின்றுவிடுகின்றன. மெய்ப்பாட்டியல் உரையில் இளம்பூரணர் எடுத்துக்காட்டும் செயிற்றியனார் கொள்கையை நோக்கின், நடிப்போனிடத்துத் தோன்றுவது காண்போனைச் சென்று எய்தும்பொழுதே மெய்ப்பாடு நிறைவுறுகிறது என்பது பெறப்படும். ஆதலின் அவையின் வரலாறு நாடக வரலாற்றிற் பாதியெனினும் மிகையாகாது. ஒரு சிறு நாடகக் குழு தன்னை வளர்த்த ஊர்க்கு எவ்வாறு கைம்மாறு செய்தது என்பதைக் கன்னட நாட்டு ஹெக்கோட்டின் வரலாறு கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மானியமும் கட்டணமும்

கூத்தர்க்கும் அவரைப் புரந்தோர்க்கும் இருந்த உறவு பண்டு கல்லிலே வெட்டப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் வைகாசிப் பெருவிழாவின்போது இராசராசேசுவர நாடகம் ஆடுதற்பொருட்டு, சாந்திக் கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விசயராசேந்திர ஆசாரியனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளிக்குமாறு இரண்டாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு வகுத்துரைக்கின்றது. நெல் கொடுத்தோர் விழாவிற் கூத்துப் பெற்றனர். கூத்தர் நிலையான வாழ்வு பெற்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வணிக நாடகக் குழுக்கள் பெருகியபோது இவ்வுறவு மாறியது. கட்டணம் செலுத்தியவர் கண்டனர். வருவாய் குறைந்தவிடத்துக் குழு அடுத்த ஊர்க்குப் பெயர்ந்தது. மானியத்தானும் கட்டணத்தானும் முற்றும் கட்டுப்படாத மூன்றாவது உறவொன்று இயலுமோ என்னும் வினாவிற்கு விடையாக அமைவதே ஹெக்கோட்டுச் சங்கம்.

சங்கத்தின் தோற்றம்

கருநாடக மாநிலத்தில் சிவமொக்கா மாவட்டம், சாகர் வட்டத்தில் உள்ள சிற்றூர் ஹெக்கோடு. கெளதி நாயக்கர் ஆண்ட கெளதியும் இக்கேரியும் இவ்வட்டத்தனவே. கன்னடர் மலெநாடு என வழங்கும் இப்பகுதி மழை மிக்கது. பாக்குத் தோட்டங்களால் வாழ்வது. இயக்ககானக் கூத்தில் தலைமுறை தலைமுறையாகத் தோய்ந்தது. இங்கு 1949 ஆம் ஆண்டில் ஊர் இளைஞர் கூடி, நீலகண்டேசுவரர் பெயரால் நாட்டிய சேவா சங்கம் ஒன்றை நிறுவினர். அதன் பெயர்ச் சுருக்கமே நீனாசம் என்பது. இதன் உயிர்நாடியாக விளங்கிய கே. வி. சுப்பண்ணா 1932 இல் பிறந்தவர். மைசூரில் உயர்கல்வி பெற்றபின் நகரத்தில் தங்காது ஊர்க்கு மீண்டு, பாக்குத் தோட்ட வேளாண்மையையும் நாடகத்தையும் ஒருங்கே மேற்கொண்டார். 1950-களில் அட்சரப் பிரகாசனம் என்னும் பதிப்பகத்தையும் தொடங்கினார்.

சங்கம் தோன்றிய காலச் சூழலும் ஈண்டுக் கருதத்தக்கது. 1951 இல் இதே வட்டத்துக் காகோட்டில் குத்தகை உழவர் நிலவுடைமையாளரை எதிர்த்துப் பெரும் போராட்டம் நடத்தினர். சோசலிசத் தலைவர் இராம் மனோகர் லோகியா அங்குச் சென்று சிறைப்பட்டார். ஆகவே, ஊர் எனப்பட்டது ஒரே குரலுடைய அமைதியான கூட்டமன்று. நிலத்தாலும் குலத்தாலும் பிளவுண்ட மக்களை ஒரு கொட்டகையில் அமர்த்துவது எளிய செயலாக இருந்திராது.

கைம்மாறு செய்த முறை

முதலாவது, ஊர்க்கு ஓர் அரங்கம் கிடைத்தது. 1972 இல் சிவராம காரந்தர் பெயரால் அரங்க மண்டபம் எழுந்தது. நகரங்களிலும் நல்லரங்கம் அரிதாயிருந்த காலத்தில் ஒரு சிற்றூர் அதனைப் பெற்றமை குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது, கண்ணும் செவியும் பயிற்சி பெற்றன. 1973 இல் திரைப்படச் சங்கம் தொடங்கப்பட்டது. சத்யஜித் ராய், குரோசாவா போன்றோரின் படங்களை உழவரும் கூலியாளரும் கண்டு, அவைபற்றி உரையாடினர். கற்றோர்க்கே உரியன எனக் கருதப்பட்ட படைப்புகளை எளிமைப்படுத்தாமல் அவ்வாறே ஊரார்முன் வைத்தனர். ஊராரின் அறிவை மதித்தலே இதன் அடிப்படையாகும்.

மூன்றாவது, கல்வி. 1980 இல் நாடகப் பள்ளி நிறுவப்பெற்றது. கருநாடகத்தின் பல பகுதிகளினின்றும் வந்த இளைஞர் ஏறத்தாழ ஓராண்டு ஊரிலேயே தங்கி, நடிப்பு, ஒப்பனை, ஒளியமைப்பு, நாடக இலக்கியம் ஆகியவற்றைக் கன்னடத்திலேயே பயின்றனர். தாய்மொழியிற் பயின்றமையால் சிற்றூர் இளைஞர்க்கு ஆங்கிலம் தடையாக நிற்கவில்லை.

நான்காவது, பெற்றதைப் பிற ஊர்களுக்கும் பகிர்தல். 1985 இல் திருகாட்டம் என்னும் பயணக் குழு அமைந்தது. இச்சொல் தமிழில் வழங்கும் திரிதல் என்பதனோடு உறவுடையது. இயக்ககானக் குழுவினர் ஆண்டுதோறும் ஊர் ஊராகச் செல்லும் செலவுக்கும் இதுவே பெயர். பழைய கூத்தரின் வழக்கத்தையும் பெயரையும் ஏற்று, புதிய நாடகங்களை அவ்வழியே கொண்டு சென்றமை சங்கத்தாரின் வரலாற்றுணர்வைப் புலப்படுத்தும். ஆப்பிரிக்காவினின்றும் வந்தோர் வழியினராகிய வடகன்னட மாவட்டத்துச் சித்தி மக்களையும் இப்பணி எட்டியது. சினுவா அச்செபே எழுதி, தமிழில் 'சிதைவுகள்' எனப் பெயர்பெற்ற புதினத்தின் நாடக வடிவில் அம்மக்களே நடித்தனர். சிதம்பரராவ் ஜம்பே அதனை இயக்கினார். பிறர் பார்வையில் ஒதுங்கிக் கிடந்த ஓர் இனம் மேடையின் நடுவே நின்றது.

தடைகளும் விடைகளும்

இவ்வரலாற்றைப் புகழ்ந்துரைப்பதோடு நிற்றல் ஆய்வு நெறியாகாது. மூன்று தடைகள் எழுதல் கூடும். உலக நாடகமும் திரைப்படமும் ஊரார் வேண்டிப் பெற்றனவோ, அன்றிக் கற்றவர் சிலர் அவர்மேற் சுமத்தினவோ என்பது ஒன்று. சுப்பண்ணா போன்ற தோட்ட உடைமையாளரின் ஓய்வும் வசதியும் இல்லையேல் இஃது இயன்றிருக்குமோ என்பது மற்றொன்று. அரசும் பிற நிறுவனங்களும் உதவியிருக்க, இதனை ஊரின் ஆக்கம் எனல் பொருந்துமோ என்பது பிறிதொன்று.

முதலாவதற்கு விடை காலத்தால் கிடைக்கின்றது. சுமத்தப்பட்ட கலை பல பத்தாண்டுகள் ஒரு சிற்றூரில் நிலைத்தல் அரிது. இரண்டாவது தடை ஓரளவு ஏற்கத்தக்கதே. காகோட்டு உழவர் கேட்ட நிலத்தை நாடகம் பெற்றுத்தரவில்லை. கருநாடகத்தில் 1974 இல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தச் சட்டமே குத்தகையாளர்க்கு உரிமை அளித்தது. கலை செய்யக்கூடியதற்கும் சட்டம் செய்யவேண்டியதற்கும் உள்ள வேறுபாட்டை மறந்து சங்கத்தை மதிப்பிடுதல் தவறாகும். மூன்றாவதற்கு விடை தஞ்சைக் கல்வெட்டிலேயே உளது. புறத்திலிருந்து நெல் வருதல் இழுக்கன்று. அந்நெல்லால் விளைந்த கூத்து யாருக்கு உரியதாயிற்று என்பதே வினா. ஹெக்கோட்டில் அஃது அவ்வூரார்க்கும் உரியதாயிற்று.

முடிவு

1991 இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே பரிசு வழங்கப்பெற்றது. 2005 இல் அவர் மறைந்தார். அவர்க்குப் பின்னரும் பள்ளியும் பயணக் குழுவும் தொடர்ந்தன. ஒருவரின் ஆற்றலால் தோன்றியது ஊரின் வழக்கமாக வேரூன்றியமைக்கு இதுவே சான்று. பொருளை வாரி வழங்குதல் கைம்மாற்றில் ஒரு வகை. நல்லதைக் கண்டு தெளியும் அவையாக ஊரை ஆக்குதல் அதனினும் நெடிது நிற்கும் வகை. ஹெக்கோட்டார் செய்தது பின்னையதே.

தமிழகத்திலும் ஊர்தோறும் கூத்துக் குழுக்களும் நாடக சபைகளும் இருந்தன. அவற்றின் நாடகங்களையும் நடிகர்களையும் ஓரளவு தொகுத்துள்ளோம். அவற்றைக் கண்டோர் யார், மேடைக்கு இடமும் விளக்கிற்கு எண்ணெயும் தந்தோர் யார், ஆட்டம் முடிந்தபின் ஊரில் எஞ்சியது யாது என்பனவற்றை ஊர் ஊராகச் சென்று கேட்டறிதல் வேண்டும். சொல்லக்கூடிய முதியோர் குறைந்துகொண்டே வருகின்றனர். இளம் ஆய்வாளர் இப்பணியை விரைந்து மேற்கொள்வாராக.