வேடம் கட்டும் இடம்

சோளிங்கர் என்றதும் யோக நரசிம்மர் மலையும் அதன் 1305 படிகளும் நினைவுக்கு வரும். வரலாறு படித்தவர்களுக்கு, 1781 செப்டம்பரில் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதிய களமும் நினைவுக்கு வரலாம். ஆனால் பங்குனி முதல் ஆடி வரை, ஆற்காடு, செய்யாறு, காஞ்சிபுரம் என விரியும் இந்நிலப்பரப்பின் திரௌபதியம்மன் கோயில்களில் வேறொரு போர் நடந்துவருகிறது. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார். இரவில் அதே கதை கூத்தாகும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவதும், மண்ணால் வனைந்து கிடத்திய துரியோதனன் உருவத்தருகே படுகளம் நிகழ்வதும் இவ்விழாவின் உச்சங்கள்.

இக்கூத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பனுவலிலிருந்தோ ஆட்டக்களத்திலிருந்தோ தொடங்குகிறார்கள். ந. முத்துசாமியின் 'அன்று பூட்டிய வண்டி' நம் கவனத்தை ஆட்டத்தின்பால் திருப்பிய நூல். அதற்குப் பின்னரும், வாத்தியக்காரர்களின் பலகைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சிறிய மறைவிடத்தை நாம் போதிய அளவு பார்க்கவில்லை என்றே எண்ணுகிறேன். கதகளிக்கு 'அணியறை' என்றொரு சொல் உண்டு. நம் கூத்துக்கு அத்தகைய நிலைத்த அறையும் இல்லை. கோயில் மண்டபம், பள்ளிக்கூடத் திண்ணை, ஓலைத்தட்டி மறைத்த ஒரு மூலை. அன்றைக்கு எது கிடைக்கிறதோ அதுவே வேடம் கட்டும் இடம். ஆயினும் கூத்தின் அமைப்பையே தீர்மானித்தது அவ்விடந்தான் என்பது என் கருத்து.

கதகளியில் நடிகர் மல்லாந்து படுத்திருக்க, சுட்டிக் கலைஞர் ஒருவர் முகத்துக்கு விளிம்பு கட்டுவார். நம் கூத்தாடிக்கு அவ்வசதி இல்லை. கையில் ஒரு முகக்கண்ணாடி, எதிரே ஒரு விளக்கு. தன் முகத்தைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். முதலில் அடிவண்ணம். அதற்குப் பயன்பட்ட மஞ்சள் நிறப் பொருளே அரிதாரம். அது ஆர்செனிக் கலந்த கனிமம். நடிப்புத் தொழிலுக்கே 'அரிதாரம் பூசுதல்' என்று பெயர் வைத்த நம் மொழி, நஞ்சைத்தான் முகத்தில் பூசினார்கள் என்பதை ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டது. இன்று பொடி வண்ணங்களைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுகிறார்கள். துரியோதனனுக்குச் சிவப்பு. அதன்மேல் மை தீட்டிப் புருவம், மீசை, புள்ளிகள்.

அடுத்து உடல். பழம்புடைவைகளைச் சுற்றி இடுப்பைப் பருக்கவைத்து, அதன்மேல் விரிந்த பாவாடை. பிறகு கட்டைகள்: கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டியவை. 'கட்டைக்கூத்து' என்ற பெயர் இவற்றால் வந்ததே. கட்டைகளை ஒருவர் தாமே கட்டிக்கொள்ள முடியாது. பின்னிருந்து கயிற்றை இறுக்க ஒருவர் வேண்டும். தளர்ந்தால் கிறுக்கி சுற்றும்போது கிரீடம் சாயும். இறுகினால் விடியும்வரை மூச்சு வாங்கிப் பாட இயலாது. இந்த இறுக்கத்தின் அளவு எந்தப் பனுவலிலும் இல்லை. இளையவர் மூத்தவருக்குக் கயிறு கட்டிக் கட்டியே அறிந்துகொள்வது அது.

ஒரு கட்டை வேடம் முற்றுப்பெற ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகலாம். இங்கேதான் கட்டியங்காரனின் நீண்ட நகைச்சுவைக்குக் காரணம் தேட வேண்டும் என்று தோன்றுகிறது. கட்டியங்காரனை விதூஷகனின் வழித்தோன்றலாகக் காணும் ஆய்வுகள் தவறானவையல்ல. ஆனால் உள்ளே துரியோதனனுக்கு இன்னும் புஜக்கட்டை ஏறவில்லை என்ற எளிய செய்தியும் அவனை வெளியே பேசவைக்கிறது. திரைக்குப் பின்னால் நின்றபடி வேடதாரி பாடும் விருத்தங்களும், திரைக்கு மேல் கிரீடம் மட்டும் தெரியும் அந்தத் தாமதமும், முதலில் மறைவிடத்தின் தேவைகள், பிறகே அழகியல்.

வாத்தியக்காரர்களுக்கும் ஆயத்தம் உண்டு. மிருதங்கத்தின் இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். இரவுப் பனியில் தோல் இறங்கினால் விளிம்பைத் தட்டிச் சுருதி சேர்ப்பார்கள். இராணிப்பேட்டையும் ஆம்பூரும் பதனிட்ட தோலால் பெயர்பெற்ற ஊர்கள். மிருதங்கத்துக்கோ பதனிடாத தோல்தான் பேசும்.

ஒளி மாறியபோது வேடமும் மாறியிருக்க வேண்டும். கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் தீவட்டிக்காகச் செய்யப்பட்டவை. அசையும் சுடரில்தான் அவை மின்னும். பெட்ரோமாக்ஸ் விளக்கு வந்தது, பிறகு குழல்விளக்கு வந்தது. அசையாத வெள்ளை ஒளியில் அதே முகம் தட்டையாகிவிடுகிறது. வண்ணங்கள் பளிச்சிடத் தொடங்கியதை ரசனைக் குறைவு என்று நகரத்துப் பார்வையாளர் கடிந்துகொள்வதுண்டு. குழல்விளக்கின் கீழ் நின்று பார்த்தால் அவர்களும் அதே வண்ணத்தையே எடுத்திருப்பார்கள்.

ஆட்களின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. கூத்துக் குழுவை இங்கே 'ஜமா' என்பர். மகாபாரதத்தை ஆடும் குழுவுக்கு அரபியில் வேர்கொண்ட பெயர். நவாபு ஆண்ட ஆற்காட்டில் இதில் வியப்பில்லை. யாருக்கு எவ்வேடம் என்பதை வாத்தியார் முடிவு செய்வார். பெண் வேடத்திலேயே ஆண்டுகளைக் கழித்தவர் அர்ச்சுனன் வேடத்துக்கு ஏங்குவதை 2024இல் வெளிவந்த 'ஜமா' திரைப்படம் காட்டியது. பெருங்கட்டூர் ப. இராஜகோபால் காஞ்சிபுரத்தருகே 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் பயின்று கட்டை வேடம் ஏற்றனர். மேடை மாற்றம் என்று இதைச் சொல்வார்கள். ஆனால் ஆண்கள் மட்டுமே உடுத்திக் களைந்த மறைவிடம் அதனால் எவ்வளவு மாறியிருக்கும் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

துகிலுரிதல் இரவில் மறைவிடத்தில் பேச்சுக் குறையும். திரௌபதியாக ஆடுபவர் அன்று வெறும் நடிகரல்லர். களத்தில் கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனனாக ஆடுபவர் ஆவேசம் கொண்டால் தாங்கிப் பிடிக்க ஆட்கள் அருகிலேயே நிற்பார்கள்.

இன்றைய நெருக்கடிக்கு வருகிறேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை மாநில அரசு தளர்வு தரலாம். கூத்து ஏறத்தாழ இரவு 10 மணிக்குத் தொடங்கி விடியலில் முடிவது. நோயாளிகளையும் தேர்வெழுதும் பிள்ளைகளையும் காக்கும் விதியை நான் குறைசொல்லவில்லை. ஆனால் கூத்தின் பொழுது முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது. இன்னொருபுறம், நகர விழாக்கள் கேட்பது ஒன்றரை மணி நேரக் கூத்து. அங்கே துரியோதனன் முழு வேடத்தோடு வேனில் வந்து இறங்குகிறான். கட்டியங்காரன் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே அவன் பேச்சுத்தான் முதலில் வெட்டப்படுகிறது. கயிறு கட்டியபடியே களத்துப் பாட்டைக் காதால் பிடித்துக்கொள்ளும் இளைஞனுக்கு அங்கே இடமில்லை.

முழு இரவுக் கூத்து இன்னும் நடக்கும் ஊர்களில், விடிந்ததும் மறைவிடம் மறுபடி நிரம்புகிறது. தேங்காய் எண்ணெயைத் தேய்த்துப் பழந்துணியால் வண்ணத்தை வழிக்கிறார்கள். கட்டைகள் பெட்டிக்குள் போகின்றன. வாத்தியார் பணத்தைப் பங்கு பிரிக்கிறார். காதோரம் சற்றே சிவப்பு ஒட்டியிருக்க, அடுத்த ஊருக்கான பேருந்தைப் பற்றிப் பேச்சு எழுகிறது.