தண்ணீர்ப் பந்தல் கற்பிக்கும் பாடம்

திருச்சியிலிருந்து மதுரை நோக்கிச் செல்லும் சாலை எடமலைப்பட்டி புதூரின் வழியே தெற்கே நீள்கிறது. கோடை பிறந்ததும் நம் ஊர்ச் சாலையோரங்களில் கீற்றுப் பந்தல்கள் எழுகின்றன. அங்கே நின்று தாகம் தீர்த்துக்கொள்வோர், அப்பந்தலுக்கு எத்தனை நூற்றாண்டு வயது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்த்தால், உடல்நலம் பற்றி இன்று நாம் கேட்கும் அறிவுரை ஒன்றின் விடுபட்ட பாதி விளங்கும்.

நாள்தோறும் போதிய நீர் பருக வேண்டும் என்பதே அவ்வறிவுரை. நலமுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 குவளை, அதாவது 2 லிட்டர் நீர் தேவை என்கிறது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். கடும் வெயிலிலும் உழைப்பிலும் இத்தேவை கூடும். வியர்வையாய் வெளியேறும் நீரை ஈடுசெய்யாவிடில் குருதியின் அளவு குறையும், இதயம் விரைந்து துடிக்கும், தலை சுற்றும், நாளடைவில் சிறுநீரகமும் நலியக்கூடும். இதய நோயாளரும் சிறுநீரக நோயாளரும் மருத்துவர் குறிக்கும் அளவையே கடைப்பிடிக்க வேண்டும். இவை யாவும் உண்மையே. ஆயினும், நீர் பருகுவது தனிமனிதரின் பழக்கம் மட்டும்தானா? நம் முன்னோர் அதனை ஊரின் கடமையாகவும் கருதினர்.

திருவையாற்றுக்கு அருகிலுள்ள திங்களூரில் அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தல் அமைத்து, அதற்குத் திருநாவுக்கரசரின் பெயரைச் சூட்டியதாகப் பெரியபுராணம் கூறுகிறது. அந்நூல் 12ஆம் நூற்றாண்டினது. தாம் இன்னும் நேரில் கண்டிராத ஒருவர்மீது கொண்ட அன்பை, முன்பின் அறியாத வழிப்போக்கருக்கு நீராக ஊற்றியவர் அவர். 1689 முதல் 1706 வரை திருச்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட இராணி மங்கம்மாளின் புகழும், அவர் அமைத்த சாலைகளாலும் சத்திரங்களாலும் தண்ணீர்ப் பந்தல்களாலும் இன்றுவரை நிலைத்திருக்கிறது. நீரின்றிச் சாலை முழுமை பெறாது என்பதை அன்றைய ஆட்சியும் அறிந்திருந்தது.

இவ்வரலாற்றுக்கு இருண்ட பக்கமும் உண்டு. பொதுவென்று சொல்லப்பட்ட நீர் எல்லாருக்கும் பொதுவாய் இருக்கவில்லை. தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கிணறும் குளமும் மறுக்கப்பட்டன. எட்ட நின்று ஒருவர் ஊற்ற, அவர்கள் கைகுவித்துப் பருகினர். 1927 மார்ச் 20 அன்று மகாடு என்னும் மராட்டிய ஊரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் நீர் பருகியது, மனித மாண்பை நிலைநாட்டும் செயலாயிற்று. நம் ஆலயங்களிலும் சாதிச் சுவர்கள் எழுப்பப்பட்டிருந்தன என்பதை மறந்துவிட்டு இப்பக்கத்தைப் படிப்பது நமக்கு அழகன்று.

நாடு விடுதலை பெற்றபின் 1948இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், ஒவ்வோர் ஆலையிலும் குடிநீர் வைக்கப் பணித்தது. 250 பேருக்கு மேல் உழைக்கும் ஆலைகளில் கோடையில் குளிர்ந்த நீர் தரவும் விதித்தது. கூடவே கழிப்பிடத்தையும் கட்டாயமாக்கியது. இவ்விரண்டும் பிரிக்க இயலாதவை. கடைகளில் நாள் முழுதும் நின்று விற்பனை செய்யும் பெண்களும், கட்டடப் பணியில் கல் சுமக்கும் பெண்களும், பள்ளிச் சிறுமியரும் பலவேளைகளில் தாகம் இருந்தும் நீர் பருகுவதில்லை. ஒதுங்க இடமில்லை என்னும் அச்சமே காரணம். அவர்களிடம் 8 குவளைக் கணக்கைச் சொல்லி என்ன பயன்? 2019இல் கேரளப் பள்ளிகளிலும், 2025இல் தமிழகப் பள்ளிகளிலும் தண்ணீர் பருகுவதற்கென மணியடிக்கும் முறை வந்தது. நல்ல முயற்சி, ஆனால் மணியோசையோடு, தாழ்ப்பாள் உள்ள, தூய்மையான கழிப்பறையும் வேண்டும்.

யோவான் நற்செய்தியில், பயணக் களைப்போடு நண்பகலில் யாக்கோபின் கிணற்றருகே அமர்ந்த ஆண்டவர், சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். யூதர் தம்மிடம் நீர் கேட்பதா என்று அப்பெண் வியக்கிறார். தீட்டு என்று விலக்கப்பட்டவரின் குடத்து நீரை நம் ஆண்டவர் நாடினார். சிலுவையிலும் அவர் தாகமுற்றார். சிறியோர் ஒருவருக்குக் கொடுக்கும் ஒரு கிண்ணம் குளிர்ந்த நீரும் கைம்மாறு பெறாமல் போகாது என்று உறுதியளித்தவர் அவரே. தாகமுற்றோருக்கு நீர் தருவதைத் திருச்சபை இரக்கச் செயல்களுள் ஒன்றாய் எண்ணுவதும் இதனாலன்றோ?

ஆகவே அன்பர்களே, நாள்தோறும் போதிய நீர் பருகுவோம். அத்துடன், நம் வீட்டுக்குச் சுவர் எழுப்ப வரும் கொத்தனாருக்கும், பாத்திரம் துலக்க வரும் சகோதரிக்கும், வெயிலில் பொட்டலம் கொண்டுவரும் இளைஞருக்கும், அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், நாம் பருகும் அதே குவளையில் நீர் கொடுப்போம். நம் வீட்டுக் கழிப்பறையை அவர்களும் கூசாமல் பயன்படுத்தட்டும். கோடை முடிந்ததும் சாலையோரப் பந்தல் பிரிக்கப்படும். நம் வாசலில் வைக்கும் பந்தலை ஆண்டு முழுவதும் பிரிக்க வேண்டியதில்லை.