சேலம் – நாமக்கல் சமவெளியில் மருத்துவக் கல்வியும் மாதிரி நோயாளியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவ மாணவர்க்கு உடற்பரிசோதனைத் திறனைக் கற்பிக்கவும் மதிப்பிடவும் பயன்படும் மாதிரி நோயாளியின் வரலாற்றை, சேலம், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிகளின் காலப் பின்னணியில் இக்கட்டுரை ஆராய்கிறது. கற்பவரின் முதற்பிழையை யாருடைய உடல் தாங்குகிறது என்பதே இவ்வரலாற்றின் மைய வினா. அதற்குப் பொம்மை தரும் விடை பாதி விடையே என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மாதிரி நோயாளி, உடற்பரிசோதனை, திறன் ஆய்வகம், சேலம், நாமக்கல், வட்டார வழக்கு.

முன்னுரை

இன்று அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி என வழங்கும் கல்லூரி 1986-இல் சேலத்தில் தொடங்கப்பட்டபோது, நாமக்கல் அம்மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்டது. இவ்விரு தொடக்கங்களுக்கும் இடையே, 2019-இல், இந்திய மருத்துவக் கவுன்சில் திறன் அடிப்படையிலான பாடத்திட்டத்தை நடைமுறைப்படுத்தித் திறன் ஆய்வகத்தையும் அதன் அங்கமாக்கியது. எனவே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இவ்விரு கல்லூரிகளும் ஒரு மாற்றத்தின் இரு கரைகளில் தோன்றியவை.

படுக்கையருகே கல்வி

பார்த்தல், தொட்டறிதல், தட்டியறிதல், கேட்டறிதல் என்னும் நான்கும் அரசு மருத்துவமனைப் படுக்கையருகிலேயே கற்பிக்கப்பட்டு வந்தன. வீங்கிய கல்லீரலை உடைய ஒருவரின் வயிற்றை மாணவர் பலர் அடுத்தடுத்து அழுத்திப் பார்ப்பர். இச்சமவெளியில் அவ்வயிறு பெரும்பாலும் விசைத்தறித் தொழிலாளியுடையதோ ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளியுடையதோ ஆகும். கட்டணம் செலுத்தி வேறிடம் செல்ல இயலாதவரே பாடமாயினர்.

தேர்விலும் இடர்ப்பாடு இருந்தது. ‘லாங் கேஸ்’ முறையில் ஒருவருக்குக் கைக்கு எளிதில் தட்டுப்படும் மண்ணீரலும் மற்றவருக்கு மெல்லிய இதய முணுமுணுப்பும் வாய்க்கலாம். திறனோடு அதிர்ஷ்டமும் மதிப்பெண்ணை நிர்ணயித்தது.

மாதிரியின் வரலாறு

உயிருள்ள உடலைத் தொடுமுன் பயிலவேண்டும் என்ற எண்ணம் தொன்மையானது. சுசுருத சங்கிதை காய்களில் அறுவையையும் துணியாலான மனித உருவில் கட்டுப்போடுதலையும் பயில விதிக்கிறது. நவீன வரலாறு அமெரிக்காவில் தொடங்குகிறது. 1963-இல் ஹோவார்ட் பேரோஸ், நோயாளியாக நடிக்க ஒருவரைப் பயிற்றுவித்து மாணவரை மதிப்பிட்டார். 1968-இல் மைக்கேல் கார்டன், நாடித்துடிப்பையும் இதய ஒலிகளையும் எழுப்பும் ‘ஹார்வி’ என்ற பொம்மையை அறிமுகப்படுத்தினார். 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் ‘ஆஸ்கி’ தேர்வுமுறையை வெளியிட்டார். இதில் மாணவர் அனைவரும் ஒரே நிலையங்களை வரிசையாகக் கடந்து, ஒரே அளவுகோலால் மதிப்பிடப்படுவர்.

இம்மூன்றும் ஒரே தேவையிலிருந்து எழுந்தவை அல்ல. ஹார்வி பயிற்சிக்கும், ஆஸ்கி தேர்வின் நேர்மைக்கும் விடை தேடின. நடிப்பு நோயாளி இரண்டுக்கும் பயன்பட்டார். இவற்றை ஒன்றாகக் கருதிப் பொம்மை வாங்குவதையே சீர்திருத்தம் என எண்ணுதல் பிழையாகும்.

பொம்மையின் எல்லை

பொம்மை வலியால் முகம் சுளிப்பதில்லை, நாணுவதில்லை, பேசுவதுமில்லை. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடியோடு மொழியும் ஒன்றாக எண்ணப்படுவது ஈண்டு நினைக்கத்தக்கது. ‘மேலுக்கு முடியலீங்க’, ‘கிறுகிறுனு வருதுங்க’ எனக் கூறுபவரிடம் அடுத்து எதைக் கேட்பது என்பதும் பரிசோதனையின் பகுதியே. இதனை நடிப்பு நோயாளியே கற்பிக்க இயலும். அவருக்குரிய உரையாடல் ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்படின் அப்பயன் குன்றும்.

முடிவுரை

திறன் ஆய்வகம் ஏழை நோயாளியின் உடலை முதற்பிழையிலிருந்து காக்கிறது. இது அறம் சார்ந்த முன்னேற்றம். எனினும் அது நோயாளியிடம் செல்லும் வாயிலேயன்றி, நோயாளிக்கு மாற்றன்று. இவ்வாயிலைச் செப்பனிடுவதில் தமிழாய்வுக்கும் பங்குண்டு. சேலம், நாமக்கல் வட்டார நோய்ச்சொற்களைத் தொகுத்து, மருத்துவ ஆசிரியர்களுடன் இணைந்து நடிப்பு நோயாளிக்கான உரையாடல்களை உருவாக்குதல் தமிழ்த்துறைகள் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும்.