விதி என்று விட்டுவிடாமல்



எங்கள் பெரிய அத்தையை மூத்தவர்கள் சிலருக்கு நினைவிருக்கும். 1961இல் தலைப்பிரசவத்தில் போய்விட்டார். எனக்கு அப்போது எட்டு வயது. ராத்திரி முழுக்க வலி. விடிந்த பிறகுதான் வண்டி கட்டினார்கள். பாதி வழியிலேயே உதிரப்போக்கு. "அவ விதி அவ்வளவுதான்" என்றார் தாத்தா. அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேட்டவர்களின் வரலாறு ஒன்று உண்டு. 1930 முதல் 1932 வரை நியூயார்க் நகரில் பிரசவத்தை ஒட்டி இறந்த 2,041 பெண்களின் மரணத்தையும் அந்நகர மருத்துவக் கழகம் ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. 1933இல் வந்த அறிக்கை, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மரணங்களைத் தவிர்த்திருக்கலாம் என்றது. அவற்றில் பெரும்பகுதிக்கு மருத்துவர்களே பொறுப்பு என்றும் சொன்னது. மருத்துவர்கள் பலர் கொதித்துப்போனார்கள்.

வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைந்த நாளை நினைத்துக்கொள்ளுங்கள். "யாருடா உடைச்சது?" என்றால் எல்லாத் தலையும் குனியும். "எப்படிடா உடைஞ்சது?" என்றால் ஆறு கை உயரும். இங்கிலாந்தில் 1952இல் தொடங்கிய ஆய்வு இந்த இரண்டாவது கேள்வியைத்தான் கேட்டது. பெயர்களை ரகசியமாக வைத்து, எங்கே பிசகியது என்று மட்டும் பார்த்தார்கள்.

அமெரிக்காவில் இதற்கு மாநிலச் சட்டங்கள் துணை நின்றன. டெக்சாஸ் 2013இல் சட்டம் போட்டுக் குழு அமைத்தது. குழுவில் பேசியதையும் அதன் ஆவணங்களையும் வழக்குக்கு இழுக்க முடியாதபடி பல மாநிலச் சட்டங்கள் காக்கின்றன. 2018 டிசம்பரில் நாடு முழுமைக்குமான சட்டமும் வந்து, இத்தகைய குழுக்களுக்கு நிதி கிடைக்க வழி செய்தது.

பறிகொடுத்த குடும்பத்துக்கு நியாயம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. ஆய்வுக்குழு உட்காருவது அடுத்து வரப்போகும் பெண்ணுக்காக.

நம் தமிழ்நாட்டில் 1994இல் மகப்பேறு மரண ஆய்வு தொடங்கியது. இங்கே அது சட்டமாக அல்ல, அரசு நடைமுறையாகவே வளர்ந்தது. 2010இல் வந்த தேசிய வழிகாட்டுதல், மாவட்ட ஆட்சியர் முன் இறந்தவரின் உறவினரும் வந்து பேச இடம் தந்தது. உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 2001-03இல் 134 ஆக இருந்த தாய்மார் மரணம், 2018-20இல் 54 ஆகக் குறைந்தது. ஆய்வு மட்டுமே காரணமல்ல. 108 வண்டியும், இரவிலும் இயங்கும் அவசரப் பிரசவ மையங்களும் சேர்ந்துதான் இது. ஆனால் எது எங்கே தேவை என்று காட்டுவது இந்தக் கேள்விகள்தான்.

முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். அத்தையை முதல் இரண்டே கொன்றுவிட்டன. மூன்றாவதற்கு அவர் போய்ச் சேரவே இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெயர் இருக்கும். பெரியவர்கள் இருக்கும்போதே, என்ன நடந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். யார் தப்பு என்று மட்டும் கேட்காதீர்கள்.