குருவில்லாத 29 ஆண்டுகள்

1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தபோது, போர்த்துக்கீசரோடு கத்தோலிக்கக் குருமாரும் வெளியேற்றப்பட்டார்கள். குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று அந்த ஆண்டிலேயே கட்டளை பிறந்தது. கோயில்களும் பள்ளிக்கூடங்களும் சீர்திருத்த சபையின் கைக்குப் போயின. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை, அங்கே நிலையாகத் தங்கிப் பூசை செய்யக் குரு இல்லை. அந்த 29 ஆண்டுகள் செபத்தைக் காத்தது யார்? அடிகளாரின் துணிவை வியக்கும் நாம் இந்தக் கேள்வியை விரைவாகத் தாண்டிவிடுகிறோம். அதைக் காத்தவை வீடுகளே என்பது என் முடிவு.

அடிகளார் கையாண்ட வழியே இதற்கு முதற்சான்று. கழுத்தில் செபமாலையை எல்லோர் கண்ணிலும் படும்படி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையை இன்னதென்று அறிந்தவர்கள் உள்ளே இருந்தால்தான் அந்த வழி பலிக்கும். பலித்தது. யாழ்ப்பாணத்துச் சில்லாலைக் கிராம மக்கள் அவரைத் தங்களிடையே ஒளித்து வைத்துக் காத்தார்கள். முப்பது ஆண்டுகளில் ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, மணமும் முடித்துவிடும். பூசையையே கண்டிராத அந்தத் தலைமுறைக்குச் செபம் வாய்மொழியாகத்தான் போயிருக்க வேண்டும். அதற்கு வாய்ப்பும் முன்பே அமைந்திருந்தது. 1578இல் கொல்லத்தில் அன்ரிக்கே அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' என்னும் செபநூல் பதினாறே பக்கம்; ஆனால் தமிழில் இருந்தது. பூசை இலத்தீனில் நடந்தாலும் மந்திரங்கள் தாய்மொழியில் மனப்பாடமாகிவிட்டன. செபமாலை சொல்லக் குரு வேண்டியதில்லை. ஆபத்து நேரத்தில் ஞானஸ்நானம் கொடுக்கவும் வேண்டியதில்லை. மாந்தையிலிருந்த மாதா சொரூபத்தை மக்களே தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் போனார்கள் என்னும் வழிவழிச் செய்தியிலும் முன்னிற்பவர்கள் பொதுமக்கள்தாம்.

இந்தக் கத்தோலிக்கர்கள் தம் பிள்ளைகளுக்கு ஒல்லாந்தர் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தார்களே, திருமணத்தையும் அங்கேதானே பதிந்தார்கள், இது என்ன விசுவாசம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் பதியாத திருமணம் சட்டத்தின் கண்ணில் செல்லாது. பிள்ளைகளின் முதுச உரிமைக்கே கேடு வரும். காணியையும் பிள்ளைகளையும் காக்கப் பெயரைக் கொடுத்தவர்கள் மனத்தையும் கொடுத்துவிட்டார்கள் என்று ஏட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மனமும் மாறியிருந்தால், உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தும் ஒரு குருவை ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? 1689 நத்தார் இரவில் பூசைக்குக் கூடியவர்களை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்தார்கள். பதிவேட்டில் இருந்த பெயர் அந்த இரவில் அவர்களை வீட்டில் நிறுத்தவில்லை. எல்லோரும் வேதசாட்சிகளாக இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பயந்தவர்களும் விலகியவர்களும் இருந்திருப்பார்கள்.

கண்டி அரசரின் ஆதரவால்தான் திருச்சபை பிழைத்தது என்பது இன்னொரு வாதம். 1692இல் கண்டிக்குப் போன வாஸ் அடிகளார் ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார். பின்னர் பௌத்த அரசரான இரண்டாம் விமலதர்மசூரியரே அவருக்கு உரிமை தந்தார். அந்தப் பெருந்தன்மையை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனாலும் அது சில்லாலை வீடுகளில் செபம் நிலைத்ததற்குப் பின்னால் வந்தது. மற்றொன்றையும் மறைக்கக் கூடாது: 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தவர்கள் போர்த்துக்கீசர். ஒல்லாந்தரை மட்டும் கொடியவராகக் காட்டுவது நேர்மையாகாது. ஆட்சியின் கையைப் பிடித்து வந்த சமயம், ஆட்சி எதிரியான பிறகும் நின்றது என்றால், அது அதற்குள் மக்களின் சொந்தமாகிவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இந்த வேரை நன்றாக அறிந்திருந்தார். தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் தாங்களே வாசித்துச் செபிக்க நூல்கள் எழுதினார். கத்தோலிக்கர் மீதான தடைகளை ஒல்லாந்தருக்குப் பின் வந்த ஆங்கிலேயர் 1806இல் நீக்கினார்கள். ஆனால் வீட்டில் வேர்விட்ட செபம் அதற்காகக் காத்திருக்கவில்லை. கொன்சால்வெஸ் அடிகளாரின் 'வியாகுலப் பிரசங்கம்' இன்றும் தவக்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இராகத்தோடு வாசிக்கப்படுகிறது.